அம்மாவுடன் அங்கோர் போகிறோம்: எத்தனை நாள், எந்த வரிசை?

கொடிமுல்லை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வரும் தை மாதம் அம்மாவையும் அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு வெளிநாடு போவதாக முடிவு செய்திருக்கிறோம். கையில் ஒரு வாரம் இருக்கிறது. பயண முகவர் போட்டுக் கொடுத்த திட்டம் இப்படி: முதலில் பாங்காக், நடுவில் ஒன்றரை நாள் கம்போடியா, கடைசியில் வியட்நாமின் ஹனோயும் ஹாலோங் விரிகுடாவும். அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஆசைதான், அங்கோர் வாட் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஒன்றரை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு 67 வயது. சமதரையில் நன்றாக நடப்பார், படி ஏறினால் முழங்கால் வலிக்கும். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பையனுக்குப் பத்து வயது. காடு, குரங்கு, படகு என்றால் குஷியாகிவிடுவான். இந்த ஒன்றரை நாள் போதுமா? போதாதென்றால் எதை விடுவது? போய் வந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

மலையாடி எழுதியது:

போதாது. ஒன்றரை நாளில் அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் ஆகிய மூன்று கோயில்களையும் ஓடி ஓடிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். அம்மா ஒரு சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்காது. அங்கோர் என்று நாம் சொல்வது ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் தொல்லியல் பூங்கா. கோயில்களுக்கு நடுவே காடும் ஏரியும் வயலும் ஊர்களும் இருக்கின்றன. சில கோயில்களுக்கு ஊரிலிருந்து ஒரு மணி நேரம் வண்டியில் போக வேண்டும்.

என் யோசனை: பாங்காக்கையும் ஹனோயையும் இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முழுக்க, அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஒரே விடுதியில் தங்குங்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று நாடு என்றால் பெட்டி கட்டுவதிலும் குடிவரவு வரிசையில் நிற்பதிலும் பாதிப் பயணம் போய்விடும். சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது. பழையது ஊரை ஒட்டியே இருந்தது, புதியது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வந்திறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நுழைவுச்சீட்டு: 2017 முதல் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஏழு நாள் சீட்டுக்கு ஒரு மாதம் அவகாசம். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து டாலர்தான். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் ஏழு நாள் சீட்டையே சொல்வேன், ஏனென்றால் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பலாம். பணம் வீணாகிறதே என்று அம்மாவை வெயிலில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். 12 வயதுக்குக் கீழே சீட்டு வேண்டாம், பையனின் பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும். விற்கும் ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. அங்கே குழந்தைகளுக்குச் சிகிச்சை இலவசம்.

வரிசை பற்றி: காலவரிசைப்படி பாருங்கள். எல்லோரும் முதல் நாளே அங்கோர் வாட்டுக்கு ஓடுவார்கள். அதைப் பார்த்தபின் மற்றவை சின்னதாகத் தெரியும், அந்த ஏமாற்றம் அந்தக் கோயில்களின் குற்றமில்லை. முதலில் ரொலுவோஸ் போங்கள், ஊரிலிருந்து பதிமூன்று கிலோமீட்டர் இருக்கும். முதலாம் இந்திரவர்மன் 879இல் எடுப்பித்த ப்ரா கோ அங்கே இருக்கிறது. ஆறு செங்கல் கோபுரங்கள், அவற்றுக்கு முன்னால் கோயிலைப் பார்த்தபடி மூன்று நந்திகள். செங்கல் மேல் பூசிய சுதை வேலை சில இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் பூக்கொடியின் ஒரு சுருள், யாளி முகத்தின் ஒரு கண், அவ்வளவுதான் மிச்சம். பக்கத்திலேயே பாகோங், 881. அங்கேதான் கோயிலை மலைபோல அடுக்கடுக்காக உயர்த்தும் பழக்கம் கல்லில் பெரிய அளவில் வருகிறது. இதைப் பார்த்துவிட்டு 12ஆம் நூற்றாண்டு அங்கோர் வாட்டின் முன்னால் போய் நின்றால், இடையிலுள்ள ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளில் என்ன நடந்தது என்று அம்மாவுக்கே புரியும்.

நிழல்வேட்டை எழுதியது:

மலையாடி சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் அங்கோர் வாட் சூரிய உதயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். காலை 5 மணிக்கே கதவு திறக்கும். இருட்டில் அகழியைத் தாண்டி உள்ளே போய், இடப்பக்கக் குளத்தின் கரையில் நின்று, வானம் நீலத்திலிருந்து சிவப்பாக மாறும்போது ஐந்து கோபுரங்களும் தண்ணீரில் விழுவதைப் பார்க்க வேண்டும். கூட்டம் இருக்கும், இருக்கட்டும். உலகமே பார்க்க வருகிற இடம்தானே.

மலையாடி எழுதியது:

நிழல்வேட்டை, நீங்கள் படம் எடுக்கிறவர், உங்களுக்கு அது முக்கியம். முழங்கால் வலியுள்ள அம்மாவை நாலு மணிக்கு எழுப்பி, இருட்டில் மேடுபள்ளமான கல்பாதையில் நடக்க வைத்து, குளக்கரையில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைப்பது சரியா? உட்காரவும் இடம் கிடைக்காது.

அப்புறம் அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். காலையில் முகப்பு நிழலில் இருக்கும். மூன்று மணிக்கு மேல் போனால் வெயில் நேராக முகப்பில் விழும், மணற்கல் பொன்னிறமாகத் தெரியும். சூரிய உதயம்தான் வேண்டுமென்றால் ஸ்ரா ஸ்ராங் ஏரிக்கரைக்குப் போங்கள். வண்டி படித்துறை வரைக்கும் போகும். அம்மா கல்மேடையில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

நிழல்வேட்டை எழுதியது:

ஸ்ரா ஸ்ராங் நல்ல மாற்று, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சேர்க்கிறேன். அங்கோர் வாட்டின் நடுக்கோபுர உச்சியில் சூரியன் ஏறி நிற்கிற மாதிரி வரும் படங்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாட்களில் எடுத்தவை. தை மாதத்தில் சூரியன் வலப்பக்கம் நன்றாகத் தள்ளி எழும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு யாரும் தையில் போக வேண்டாம். மாலை நேர முகப்பு வெளிச்சம் பற்றி மலையாடி சொன்னதே உங்களுக்குப் பொருந்தும்.

கல்வெட்டுக்காரி எழுதியது:

கொடிமுல்லை, உங்கள் அம்மா கோயிலுக்குப் போய்ப் பழகியவர் என்று நினைக்கிறேன், அதனால் இதைச் சொல்கிறேன். அங்கோர் வாட் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காக எழுப்பிய கோயில். சுற்றுப் பிராகாரச் சுவர்களில் உள்ள புடைப்புச் சிற்பங்களை நம் வழக்கப்படி வலம் வந்து பார்த்தால் கதை பின்னோக்கிப் போகும். கோயில் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்ற வேண்டும். மேற்கு வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்புங்கள். முதலில் குருட்சேத்திரம். பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடப்பதை அம்மா யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். தெற்குப் பக்கம் திரும்பினால் சூரியவர்மனே தன் படையோடு வருகிறான், தலைக்கு மேல் வரிசையாகக் குடைகள். அதை அடுத்து சொர்க்கமும் நரகமும். எமன் எருமை மேல் இருக்கிறான், சித்திரகுப்தனும் உண்டு. நரகத்தில் நடக்கும் தண்டனைகளைப் பையன் விட்டு நகர மாட்டான்.

கிழக்கே திரும்பியதும் பாற்கடல் கடையும் காட்சி. ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் அசுரர், மறு பக்கம் தேவர், நடுவில் விஷ்ணு, அவருக்குக் கீழே ஆமை. மத்துக்குப் பக்கத்தில் நீந்தும் மீன்களையும் முதலைகளையும் கவனியுங்கள். சுழலில் சிக்கியவை துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கடல் அடியில் என்ன நடந்திருக்கும் என்று அந்தச் சிற்பி யோசித்திருக்கிறார்! இந்தக் காட்சிக்கு மட்டும் அரை மணி நேரம் கொடுங்கள். தரை சமம், மேலே கூரை உண்டு, நிழலில் நின்று பார்க்கலாம். நேரமும் காலும் ஒத்துழைத்தால் வடமேற்கில் இலங்கைப் போர் இருக்கிறது, அனுமன் தோளில் ராமன் நின்று அம்பு விடுகிறான். நடுவிலுள்ள வடகிழக்குச் சுவர்கள் 16ஆம் நூற்றாண்டில் முடிக்கப்பட்டவை, வேலைப்பாடு அவ்வளவு நுணுக்கமில்லை. அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

பாந்தியாய் ஸ்ரீயை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். 967இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். கட்டியது அரசன் இல்லை, அரசனின் குருவான யஜ்ஞவராகர். கோயில் சின்னது, வாசல்கள் குனிந்து போகிற உயரம்தான். ஆனால் செம்மணற்கல்லில் மரத்தில் செதுக்கியது போல வேலை. ராவணன் கயிலையைத் தூக்குகிறான், மலைமேல் விலங்குகளும் முனிவர்களும் பதறுகிறார்கள், பார்வதி சிவனை ஒட்டிக்கொள்கிறாள். கிழக்குக் கோபுர வாயிலின் மேலே சிவன் ஆடுகிறார். அவர் காலடிப் பக்கம் பாருங்கள், வற்றிய மார்போடு எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். ஆய்வாளர்கள் அவரைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். நம் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் அருகே அம்மையார் இருக்கும் சிற்பத்துக்கு இது அரை நூற்றாண்டு முந்தியது. எந்தக் கப்பலில், யார் வாயில் அந்தக் கதை அவ்வளவு தூரம் போனது என்று அங்கே நிற்கும்போது யோசிக்காமல் இருக்க முடியாது.

கொடிமுல்லை எழுதியது:

காரைக்கால் அம்மையாரா! அம்மாவிடம் சொன்னேன், இனி ஹனோய் பற்றிப் பேச்சே இல்லை. முகவரிடமும் பேசிவிட்டேன், சியெம் ரீப் மட்டும்தான். கல்வெட்டுக்காரி அக்கா, தமிழ்நாட்டுக்கும் கம்போடியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டா, அல்லது கதைகள் மட்டும்தான் போயினவா?

கல்வெட்டுக்காரி எழுதியது:

அரசர்களுக்கிடையே தொடர்பு இருந்தது. காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்க சோழனுக்குக் காட்சிப்பொருளாகக் கொடுத்த ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததை 1114ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டு சொல்கிறது. அங்கோர் வாட் கட்டிய சூரியவர்மன் அதற்கு முந்தைய ஆண்டுதான் பட்டத்துக்கு வந்திருந்தான். ஆனால் சிலர் இணையத்தில் எழுதுவது போல அங்கோர் வாட்டைச் சோழர் கட்டினார்கள், தமிழ்ச் சிற்பிகள் கட்டினார்கள் என்பதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு. அது கம்போடியாவின் கெமர் மக்கள் கட்டிய கோயில். அவர்களுடைய கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமரிலும் இருக்கின்றன. அவர்கள் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வது தப்பு. அங்கே வழிகாட்டியாக வருகிற இளைஞரிடம் போய் இதை நாங்கள் கட்டினோம் என்று சொல்லும் நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் வாடியதையும் பார்த்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்றைக்கு நம் நாட்டுக்கும் அங்கோருக்கும் உள்ள உருப்படியான தொடர்பு வேறு. 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் வேலை செய்தது. இப்போது மரவேர்கள் மூடிய தா ப்ரோமைக் கம்போடிய அரசின் அப்சரா அமைப்போடு சேர்ந்து சீரமைப்பதும் அவர்கள்தான். மரத்தை வெட்டினால் சுவர் சரியும், விட்டால் வேர் கல்லைப் பிளக்கும். இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேலை செய்ய வேண்டிய இடம் அது.

ஈப்போ மருதன் எழுதியது:

மலேசியாவிலிருந்து வணக்கம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கோலாலம்பூர் வழியாக வரலாம், இங்கிருந்து சியெம் ரீப்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. பாங்காக் போய் அங்கிருந்து பொய்பெட் எல்லை வழியாகப் பஸ்ஸில் போகலாம் என்று பழைய பதிவுகளில் இருக்கும், அதை நம்ப வேண்டாம். 2025 ஜூனில் தாய்லாந்து கம்போடியா தரைவழி எல்லை மூடப்பட்டது, ஜூலையிலும் டிசம்பரிலும் சண்டையே நடந்தது. கிளம்பும்முன் நிலவரம் பாருங்கள். சியெம் ரீப்புக்கு விமானத்தில் போவதே நிம்மதி.

பணம்: டாலரும் ரியலும் இரண்டும் செல்லும், ஒரு டாலருக்கு நாலாயிரம் ரியலுக்குக் கொஞ்சம் மேலே. ஒன்று, ஐந்து, பத்து டாலர்ச் சின்ன நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். ஓரத்தில் மயிரிழை கிழிந்திருந்தாலும் கடைக்காரர் வாங்க மாட்டார். மீதியை ரியலில்தான் தருவார்கள். விசாவை அரசாங்கத் தளத்தில் மட்டும் எடுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. வருகைப் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை.

சாப்பாடு: அம்மா சுத்த சைவம் என்றீர்களே, இங்கே கவனம் தேவை. காய்கறிப் பொரியல் என்று வைப்பதிலும் மீன் சாறு விட்டிருப்பார்கள். ப்ராஹோக் என்று புளிக்க வைத்த மீன் விழுது, அது இல்லாமல் கெமர் சமையலே இல்லை. இறைச்சி, மீன், மீன் சாறு, சிப்பிச் சாறு, முட்டை எதுவும் வேண்டாம் என்று கெமர் எழுத்தில் விடுதியில் எழுதி வாங்கி கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சியெம் ரீப்பில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, ராத்திரிக்கு அங்கே போகலாம். பகலில் கோயில் வாசல்களில் இளநீர், மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம் எல்லாம் கிடைக்கும். பாந்தியாய் ஸ்ரீ போகிற வழியில் ரோட்டோரம் பெரிய சட்டிகளில் பனஞ்சாறு காய்ச்சிப் பனைவெல்லம் எடுப்பார்கள். சூடாக ஓலைச் சுருளில் கட்டிக் கொடுப்பார்கள், அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். நிறுத்தி வாங்குங்கள்.

கொடிமுல்லை எழுதியது:

மருதன் அண்ணா, மிகவும் நன்றி. மீன் சாறு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இனி பையனுக்கு ஏதாவது சொல்லுங்கள். அவன் தினமும் கோயிலே பார்த்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவான்.

பறவைக்கூடு எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அங்கோருக்குப் போகிற பத்தில் ஒன்பது பேர் கல்லை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். காடும் ஏரியும்தான் அந்த நகரத்துக்குச் சோறு போட்டன.

முதலில் காடு. வேட்டையில் அழிந்துபோன தொப்பி கிப்பன் குரங்குகளை 2013இல் மீண்டும் அங்கோர் காட்டில் விட்டார்கள். அவை இப்போது குட்டி போட்டுப் பெருகியிருக்கின்றன. காலையில் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும், காடு முழுக்கக் கேட்கும். ப்ரா கான் போன்ற மரம் அடர்ந்த கோயிலுக்கு விடிந்த கையோடு போனால் கேட்க வாய்ப்பு அதிகம். பாடுவதைக் கேட்டுவிட்டால் உங்கள் பையன் அடுத்த நாளும் தானே எழுந்து உட்காருவான். சாலையோரத்தில் திரிகிற நீளவால் குரங்குகள் வேறு. அவை பையைப் பிடுங்கும், கடிக்கும். தின்பண்டத்தைக் கையில் காட்டாதீர்கள், சிரித்துக்கொண்டு வாழைப்பழம் கொடுக்கிறவர்களைப் பார்த்து அவனும் கொடுக்கப் போகிறான், தடுத்துவிடுங்கள். யானைச் சவாரி அங்கோரில் 2020 வாக்கில் நின்றுவிட்டது, நல்ல காரியம். ஊருக்குள்ளேயே அரச தோட்டத்து மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பொழுது சாயும் நேரத்தில் அவை கிளம்புவதைப் பார்க்கக் காசு வேண்டாம்.

அடுத்து தொன்லே சாப் ஏரி. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கோடையில் இந்த ஏரி சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், ஆழமும் ஒரு ஆள் உயரத்தைத் தாண்டாது. மழைக்காலத்தில் ஐந்து ஆறு மடங்கு விரிந்து 15,000 சதுர கிலோமீட்டர் வரை போகும். காரணம் மேகோங் ஆறு. ஏரியிலிருந்து கிளம்பும் ஆறு தலைநகர் நோம் பென்னில் மேகோங்கோடு சேருகிறது. ஜூன் மாதத்துக்கு மேல் மேகோங்கில் வெள்ளம் ஏறியதும் அந்தத் தண்ணீர் எதிர்த்துத் தள்ள, ஆறு திரும்பி ஏரியை நோக்கி ஓடும். அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வடிந்ததும் மறுபடி திசை மாறும். அப்போதுதான் அவர்களுடைய தண்ணீர்த் திருவிழா, நோம் பென் ஆற்றில் நீண்ட படகுகளில் போட்டி. வெள்ளத்தில் மூழ்கும் காட்டுக்குள் மீன்கள் முட்டையிட்டுப் பெருகும். நாட்டின் மீனில் பெரும்பங்கு இந்த ஏரியிலிருந்துதான். மேகோங்கின் மேல்பகுதி அணைகளும் மழை தவறுவதும் இந்த ஏற்ற இறக்கத்தைக் குலைக்கின்றன. ஆறு திரும்புவது தாமதமான ஆண்டுகளில் மீனவர் வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம்.

நீங்கள் போகும் தை மாதம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும், படகு இன்னும் ஓடும். கம்போங் ப்லுக் போங்கள். ஐந்தாறு மீட்டர் உயரக் கால்களின் மேல் வீடுகள், ஏணி வைத்து ஏறுவார்கள். கால்களில் வெள்ளம் நின்ற உயரம் கோடு கோடாகத் தெரியும். பையன் அண்ணாந்து பார்த்து அது எந்த மாதத்துத் தண்ணீர் என்று கேட்பான், படகோட்டியிடமே கேட்கச் சொல்லுங்கள். பறவை பிடிக்குமென்றால் ப்ரெக் தோவால் சரணாலயம். தையும் மாசியும் அங்கே நல்ல காலம். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் நாம் பார்க்கும் அதே கூழைக்கடா, பாம்புத்தாரா, அவற்றோடு வழுக்கைத் தலை அட்ஜுடன்ட் நாரையும் கூடு கட்டும். ஆனால் விடியற்காலையில் கிளம்பி நெடுநேரம் படகில் இருக்க வேண்டும், அம்மாவுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள்.

யமுனை_வாசகி எழுதியது:

ஏரிக் கிராமங்களுக்குப் போவது பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் போன படகில் பாதி வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அரிசி மூட்டை வாங்கித் தரச்சொல்லி விடாமல் வற்புறுத்தினார்கள். விலை சந்தை விலையைவிடப் பல மடங்கு. அந்த அரிசி பிள்ளைகளுக்குப் போகிறதா என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் வீட்டையும் வறுமையையும் நாம் படகில் போய் எட்டிப் பார்ப்பதும் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பறவைக்கூடு எழுதியது:

உங்கள் சங்கடம் நியாயமானது. அரிசிக் கதை பலருக்கும் நடந்திருக்கிறது. வாங்காதீர்கள், அனாதை இல்லம் பார்க்கக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். பிள்ளைகளைக் காட்டிப் பணம் வாங்குவது வளர வளர அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது நின்றுவிடும். கோயில் வாசலில் அஞ்சலட்டை விற்கும் சிறுவர்களுக்கும் இதுவே. பரிதாபப்பட்டு வாங்குகிற ஒவ்வொரு அட்டையும் அவனை நாளைக்கும் வாசலில் நிறுத்தும்.

ஆனால் ஊரையே ஒதுக்க வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே ஓட்டும் சின்னத் துடுப்புப் படகுகள் வெள்ளக்காட்டுக்குள் போகும், பெரும்பாலும் பெண்கள் ஓட்டுவார்கள். அந்தக் கூலி நேராக அவர்கள் கைக்குப் போகிறது. வீட்டுக்குள் கேமராவை நீட்டாமல், கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் போதும். அவர்கள் மீன் காயவைப்பதையும் வலை பின்னுவதையும் பார்ப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை.

யமுனை_வாசகி எழுதியது:

துடுப்புப் படகு விஷயம் சரி. அப்படிப் போனால் நானும் போவேன்.

கொடிமுல்லை எழுதியது:

அம்மாவும் படகு சரி என்கிறார். அடுத்த கேள்வி: ஆற்றுப்படுகையில் ஆயிரம் லிங்கங்கள் செதுக்கிய இடம் இருக்கிறதாமே, அதற்குப் போக முடியுமா? க்பால் ஸ்பியான் என்கிறார்கள், குலேன் மலை என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

மலையாடி எழுதியது:

இரண்டும் வேறு வேறு இடம், இரண்டிலும் ஆற்றுக்குள் லிங்கங்கள் உண்டு. க்பால் ஸ்பியான் பாந்தியாய் ஸ்ரீயைத் தாண்டி இருக்கிறது. அங்கோர் சீட்டே போதும். பெரும்பாலும் 11ஆம் நூற்றாண்டு வேலை, பாம்பணையில் படுத்த விஷ்ணுவும் உண்டு. ஆனால் காட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் ஏற வேண்டும். வேரும் பாறையுமான பாதை. அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

குலேன் மலைக்குப் போங்கள். சீட்டு தனி, வெளிநாட்டவருக்கு 20 டாலர். ரெமோர்க் (மோட்டார் சைக்கிள் இழுக்கும் வண்டி) மலை ஏறாது, கார் எடுக்க வேண்டும். ஒருவழிச் சாலை என்பதால் காலையில் ஏறி, மதியத்துக்கு மேல் இறங்க வேண்டும். கார் லிங்கங்கள் இருக்கும் ஆற்றங்கரைக்குப் பக்கத்திலேயே போகும். தண்ணீர் கணுக்கால் அளவுதான், தெளிவாக ஓடும். அடியில் சதுரம் சதுரமாக வரிசைகட்டிய லிங்கங்கள், நடுநடுவே ஆவுடையார். அந்த மலையிலிருந்து இறங்கும் ஆறுகள்தான் அங்கோரின் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பாய்ந்தன. லிங்கங்களின் மேல் ஓடித் தீர்த்தமாகி ஊருக்குப் போகட்டும் என்று செதுக்கியிருக்கிறார்கள். 802இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டதும் இந்த மலையில்தான். அங்கோரின் மணற்கல்லும் இந்த மலையடிவாரத்திலிருந்து வெட்டிக் கால்வாய் வழியாகக் கொண்டுபோனது.

கெமர் மக்களுக்கு இது புனித மலை. விடுமுறையில் குடும்பம் குடும்பமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து பாய் விரித்து உட்காருவார்கள். கீழே அருவி இருக்கிறது, படிகள் செங்குத்து. பையனை நீங்கள் கூட்டிப்போங்கள், அம்மா மேலேயே இருக்கட்டும். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். போர்க்காலத்துக் கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றாலும் நடந்து தேய்ந்த தடமே பாதுகாப்பு.

ஈப்போ மருதன் எழுதியது:

ஒரு சின்ன விஷயம். மூன்று பேர் என்றால் ஊருக்குள்ளும் கிட்டத்துக் கோயில்களுக்கும் ரெமோர்க் போதும், காற்றாடப் போகலாம். ஒரே ஓட்டுநரை வாரம் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள். நம் அம்மா எவ்வளவு நடப்பார், எங்கே இறக்கி எங்கே ஏற்ற வேண்டும் என்று இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிடும். மதிய வெயிலில் அவரும் சாப்பிட்டுத் தூங்கட்டும். பேரத்தில் ஒரு டாலர் குறைக்க மல்லுக்கட்டாதீர்கள். சுற்றுலா ஒரு பருவம் படுத்தால் அவர்கள் வீட்டில் வேறு வருமானம் இல்லை. பையனுக்கு ஒரு சாயங்காலம் ஃபாரே சர்க்கஸ் காட்டுங்கள். விலங்குகள் கிடையாது, பாட்டம்பாங்கில் உள்ள கலைப்பள்ளியில் படித்த இளைஞர்கள் ஆடுவது. அப்படி ஒரு உடம்பு வளைவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சோழமண்டலம் எழுதியது:

இழையைப் படித்தேன், அருமை. பிரா விகார் கோயிலையும் சேர்க்கலாமே? மலை உச்சியில் சிவன் கோயில், சியெம் ரீப்பிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம் என்று கேள்விப்பட்டேன்.

மலையாடி எழுதியது:

இப்போது வேண்டாம். கோயில் இருப்பது சரியாக எல்லைமேட்டில். 1962இல் சர்வதேச நீதிமன்றம் அதைக் கம்போடியாவுக்குத் தீர்ப்பளித்தது. 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோதும் சண்டை மூண்டது. 2025 மோதல்களில் கோயில் பகுதியே அடிபட்டது. குழந்தையையும் வயதானவரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவது தேவையில்லாத ஆபத்து. மலைமேல் ஏறுவதும் எளிதில்லை. ஒரு நாள் மிச்சமிருந்தால் சம்போர் ப்ரெய் குக் போங்கள். அங்கோருக்கு முன்னால், 7ஆம் நூற்றாண்டில் ஈசானவர்மனின் தலைநகரம். எட்டுப்பட்டைச் செங்கல் கோயில்கள் காட்டு நிழலில், சமதரையில் இருக்கின்றன, கூட்டமும் குறைவு. தூரம்தான் கொஞ்சம் அதிகம்.

கொடிமுல்லை எழுதியது:

கடைசியாக ஒன்று. அங்கோர் வாட்டின் உச்சி மாடத்துக்கு, அதாவது மூன்றாவது தளத்துக்கு ஏற வேண்டுமா? நான் மட்டும் ஏறலாமா, பையனையும் கூட்டிப்போகலாமா?

கல்வெட்டுக்காரி எழுதியது:

பாக்கான் என்பார்கள். பழைய கல்படிகளின் மேல் மரப்படி போட்டுக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் செங்குத்து. அம்மா கீழேயே இருக்கட்டும். 12 வயதுக்குக் கீழே விட மாட்டார்கள், அதனால் பையனும் அம்மாவோடு இருப்பான். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், மேலே துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வதை ஏற்க மாட்டார்கள், கை வைத்த சட்டையே போடுங்கள். ஒரு நேரத்தில் குறிப்பிட்ட பேரைத்தான் அனுமதிப்பார்கள், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். புத்த விரத நாட்களில் பாக்கான் மூடியிருக்கும். நம் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள், விரத நாட்களும் அதை ஒட்டியே வரும். அங்கோர் வாட்டை அந்த நாட்களில் வைக்காமல் திட்டம் போடுங்கள்.

கொடிமுல்லை எழுதியது:

பார்த்துவிட்டேன். நாங்கள் அங்கே இருக்கும் வாரத்தில் ஒரு அஷ்டமி வருகிறது, அன்றைக்கு ஏரி. அங்கோர் வாட் அதற்கு இரண்டு நாள் கழித்து, மதியம் மூன்று மணிக்கு மேல். நான் மேலே போய் வரும்வரை அம்மாவும் பையனும் பாற்கடல் சுவரின் பக்கம் நிழலில் இருக்கட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். மீன் சாறு வேண்டாம் என்று கெமரில் எழுதித் தரச்சொல்லி விடுதிக்கும் இப்போதே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.